திருப்பிப் போட்ட பன்னிரண்டு சட்டைகள்

சென்ற வாரம் ஒரு கம்பெனி கேட்டில், பார்வையாளர் நோட்டில், 'வந்த காரணம்' என்ற கட்டத்துக்கு நேரே பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுப்பில் ஒன்றரை வயது மகள். பின்னால் ஒரு லாரி டிரைவர் அவசரத்தில் காலை மாற்றி மாற்றி நின்றார்.

என்ன எழுதுவது? 'கணவரைப் பார்க்க' என்றால் பொய். அவர் அங்கேதான் வேலை பார்க்கிறார், ஆனால் நான் பார்க்க வந்தது அவரை அல்ல. 'ஹெச்.ஆர். மேனேஜரைப் பார்க்க' என்றால் உண்மை. ஆனால் அது காரணம் ஆகாதே?

செக்யூரிட்டி அண்ணன் எட்டிப் பார்த்தார். "எதுனா ஒண்ணு போடுங்கம்மா. யாரும் படிக்கப் போறதில்ல."

கடைசியில் உண்மையையே எழுதினேன் – 'கலைக்களஞ்சியம்.'

அவர் படித்துவிட்டார். "இது எந்த டிபார்ட்மென்ட்டும்மா?"

சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வீட்டு நிலவரம் தெரியும். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வாடகை வீடு. இவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நான் எம்.எஸ்சி. படித்துவிட்டு மிதுவை வளர்க்கிறேன். அதாவது, வளர்க்க முயற்சி செய்கிறேன்... ஊரே என்னைத் திருத்துகிறது. மிதுவுக்குத் தொப்பி போட்டால், "புள்ளைக்கு வேர்க்காதா?" தொப்பி போடாவிட்டால், "ஓசூர் குளிரு தெரியாதா?" ஊரிலிருந்து அத்தை போனில் திருத்துகிறார். சொட்டு மருந்து நர்ஸ் திருத்துகிறார். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, பெயர்கூடக் கேட்காமல் திருத்துகிறார்.

இந்த நிலையில்தான் பிராட்பேண்ட் வந்தது. மிது தூங்கும் ஒன்றரை மணி நேர மதியத்தில், இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தைக் கண்டுபிடித்தேன். தமிழிலேயே இருந்தது. மேலே ஒரு வரி – யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

யார் வேண்டுமானாலும்! நானுமா?

பக்கத்து ஊரான தளியைப் பற்றிய கட்டுரையில் காய்கறிப் பட்டியலில் பீன்ஸ் விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன். அடுத்த நிமிடமே பயம். நான் வாங்கும் பீன்ஸ் தளி பீன்ஸ்தானா? மறுநாள் காய்கறிக்காரம்மாவிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் சோறு இறங்கியது.

பதிவு செய்துகொள்ள ஒரு பெயர் கேட்டார்கள். சொந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு என்ன பைத்தியமா? நாளைக்கு யாராவது பீன்ஸ் விஷயமாக வீட்டுக்கு வந்துவிட்டால்? மத்திகிரியில் அரசாங்க மாட்டுப் பண்ணை இருக்கிறது. நாங்கள் மாலையில் நடக்கப் போவது அந்தப் பக்கம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யாரையும் எதுவும் சொல்லாமல் அசைபோடும் மாடுகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஆக – 'மத்திகிரிப் பசு.' இதைவிட சாதுவான பெயர் உண்டா? வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ எழுதுகிறேன் என்பது வரைதான் அவருக்குத் தெரியும்.

அப்படி உலவும்போதுதான் அந்தக் கட்டுரை கண்ணில் பட்டது. 'சட்டை திருப்பும் நாள்.'

ஒரு நடிகர். பெயர் சொல்ல மாட்டேன், அவருடைய ரசிகர்கள் நடுவில்தான் நான் குடியிருக்கிறேன். அவர் ஒரு பழைய படத்தில் மில் தொழிலாளி. வேலைக்குச் சேரும் முதல் நாள் அவசரத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடி வருவார். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த ஷிப்டில் அவருக்காக எல்லோருமே சட்டையைத் திருப்பிப் போட்டு வருவார்கள். அந்தப் படம் வெளியான தேதியில் வருஷா வருஷம் ரசிகர்கள் சட்டையைத் திருப்பி அணிகிறார்கள். இதுதான் பண்டிகை. தேங்காய் இல்லை, பழம் இல்லை, வெட்டுச் செலவு இல்லை. யோசித்தால் மிக நாகரிகமான பண்டிகை.

நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டேன் என்று ராஜப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ராஜப்பா எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர். சொந்த ஊர் தளிப் பக்கம். வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. என் கணவருடைய லைனிலேயே கான்ட்ராக்ட் தொழிலாளி, ஐந்து வருஷமாக. மத்திகிரி ரசிகர் மன்றச் செயலாளரும் அவர்தான். என்னைவிட ஆறு வயது பெரியவர். நான் அவரை அண்ணா என்பேன், சூப்பர்வைசர் வீட்டம்மா என்பதால் அவர் என்னை அக்கா என்பார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்பது யாருக்கும் தெரியாது.

கட்டுரையில் மூன்றே வரிகள் இருந்தன. நான் ராஜப்பாவைக் கேட்டேன். அவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இது ஆரம்பிச்சதே நம்ம ஓசூர்லதான். எழுதிக்கோங்க. மத்த ஊர்ல சும்மா வீட்டுச் சட்டையைத் திருப்புவாங்கோ. நாங்க கம்பெனி யூனிபாரத்தையே திருப்புவோம்! டூட்டியில!"

"யூனிஃபார்மையா? திட்ட மாட்டாகளாண்ணா?"

"பழைய மேனேஜரு திட்டவே மாட்டாரு. ஒரு வருசம் அவரே கர்ச்சீப்பைத் திருப்பி மடிச்சு வெச்சாரு, நான் பார்த்தேன். ஒரே கஷ்டம் என்னான்னா, பாக்கெட்டு உள்ள போயிடும். கேன்டீன்ல டோக்கன் எடுக்கணும்னா நெஞ்சுக்குள்ள கை வுடணும்."

எழுதினேன். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ரசிகத் தொழிலாளர்கள் அன்று சீருடையையே திருப்பி அணிவது வழக்கம் என்று ஒரு முழு பாரா. டோக்கன் விவரம் உட்பட. ராஜப்பாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். இரண்டு முறை படித்தார். அவருடைய மனைவி லட்சுமியையும் அழைத்து வந்து காட்டினார்.

"இது அழியாதா அக்கா?"

"இன்டர்நெட்ண்ணா. எப்பவும் இருக்கும்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே வந்தார் 'கருங்கல்.' அது ஒருவருடைய புனைபெயர். பர்கூர்ப் பக்கம் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற பையன் என்று எழுத்தை வைத்து ஊகித்தேன். ஹாஸ்டல் பையனுக்குத்தான் நாள் முழுக்க நேரம் இருக்கும். 'ஓசூரில் தொடங்கியது' என்பதை 'பர்கூரில் தொடங்கியது' என்று மாற்றினார். நான் ஓசூர் ஆக்கினேன். அவர் பர்கூர் ஆக்கினார். மிதுவின் நான்கு மதியத் தூக்கங்கள் இதிலேயே போயின. பசு ஒன்று கருங்கல்லில் முட்டினால் என்ன ஆகும்?

கலைக்களஞ்சியத்தின் நிர்வாகி ஒருவர் தலையிட்டார். மரியாதையான மனிதர். பாராவின் தலையில் 'சான்று தேவை' என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டார். பத்திரிகையில் வந்திருக்க வேண்டும், புத்தகத்தில் வந்திருக்க வேண்டும், எதிலாவது அச்சில் வந்திருக்க வேண்டும். 'மாடி வீட்டு ராஜப்பா சொன்னார்' என்பது சான்று ஆகாது.

எனக்குத் தூக்கம் போயிற்று. சான்று இல்லாததை எழுதிவிட்டேனே! அந்த மேனேஜர் கர்ச்சீப்பைத் திருப்பி மடித்ததற்கு என்ன ஆதாரம்? ராஜப்பா கண்ணால் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேனா? பள்ளியில் டீச்சர் கேட்பதற்கு முன்பே தப்பை ஒப்புக்கொண்டு அடி வாங்குகிற பிள்ளை நான். மூன்று வாரம் அந்தப் பலகை தொங்கியது. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், பொறுக்க முடியாமல், ஓசூர் பாராவை நானே அழித்தேன். அழித்த காரணத்தையும் கடமையாக எழுதி வைத்தேன் – 'நம்பகமான சான்று இல்லை. உள்ளூர் ரசிகர் ஒருவரின் கூற்று மட்டுமே.'

ராஜப்பாவிடம் சொல்லவில்லை. பண்டிகை முடிந்து சொல்லலாம் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பண்டிகை. காலை ஷிப்டில் ராஜப்பாவும் இன்னும் பதினோரு பேரும் யூனிஃபார்மைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குள் போனார்கள்.

இந்த வருஷம் பழைய மேனேஜர் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு புது ஹெச்.ஆர். மேனேஜர் வந்திருக்கிறார். அந்த வாரம்தான் யூனியனோடு பேச்சுவார்த்தை வேறு நடக்கிறது. அவர் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்... பன்னிரண்டு பேர், ஒரே ஷிப்டு, சட்டையில் கம்பெனி பெயர் வெளியே தெரியாதபடி. நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் அவராக இருந்தால் ஸ்ட்ரைக் என்று நினைத்து மேஜைக்கு அடியில் போயிருப்பேன். அவர் அந்த அளவுக்குப் போகவில்லை. கேட் பாஸைப் பிடுங்கச் சொன்னார்.

பதினோரு பேர் பெர்மனென்ட். அவர்களுக்கு மெமோ. ராஜப்பா ஒருவர்தான் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆளுக்கு மெமோகூடக் கிடையாது, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாயால் சொன்னால் முடிந்தது. சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக்கப்போகிறவர்களின் லிஸ்டில் அவர் பெயர் இருக்கிறது. ஐந்து வருஷக் காத்திருப்பு.

ராஜப்பா பயப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி, "சார், இது போராட்டம் இல்ல சார், பண்டிகை. நெட்லயே போட்டிருக்குது, பாருங்கோ" என்றாராம்.

மேனேஜர் பார்த்தார். நல்ல மனிதர், உடனே கம்ப்யூட்டரைத் திறந்தே பார்த்தார். கட்டுரை இருந்தது. ஓசூர் இல்லை. யூனிஃபார்ம் இல்லை. டோக்கன் இல்லை. பழைய மாற்றங்களின் பட்டியலைத் தட்டினால், மேலேயே பளிச்சென்று ஒரு குறிப்பு – 'நம்பகமான சான்று இல்லை. உள்ளூர் ரசிகர் ஒருவரின் கூற்று மட்டுமே.'

"பாருங்க தம்பி, உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்குது" என்றாராம் மேனேஜர்.

அன்று மாலை லட்சுமி கீழே இறங்கி வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் பரவாயில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்க எழுதினதை நானே பார்த்தேனல்லா? எங்க போச்சு அது?"

"நான்தான் எடுத்துட்டேன் லட்சுமி."

"எதுக்கோசரம்?"

"சான்று இல்லன்னு..."

"பொய்யா அது?"

"இல்ல, உண்மைதான்."

"உண்மைன்னா அப்புறம் எதுக்கோசரம் எடுத்தீங்கோ?"

எம்.எஸ்சி.யில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. லட்சுமி மிதுவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு மேலே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

இவர் வந்ததும் சொன்னேன். "ஏங்க, நீங்க போய் மேனேஜர்கிட்டச் சொல்லுங்களேன்."

"நான் சொன்னா என் லைன் ஆளைக் காப்பாத்துறேன்னு சொல்லுவாங்க. ஏற்கெனவே, 'உங்க லைன்ல இத்தனை பேரு திருப்பிப் போட்டு நிக்கிறவரைக்கும் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க'ன்னு கேட்டாச்சு. பேசாம இரு. இதுல என் பேரு வந்தா என் வேலையும் சேர்ந்து திரும்பும்."

பாராவைத் திரும்பச் சேர்த்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் பிரச்சினை வந்த பிறகு எழுதினால் யார் நம்புவார்கள்? அப்போதுதான் உறைத்தது. அந்தக் கலைக்களஞ்சியத்தில் எதுவும் அழிவதே இல்லை! 'வரலாறு' என்று ஒரு பக்கம் உண்டு. மூன்று வாரத்துக்கு முந்தைய கட்டுரை, எழுதிய நாள், மணி, நிமிடத்தோடு அங்கே அப்படியே இருக்கும். விசாரணை வரும் என்று தெரியாத காலத்தில் எழுதியது. மேனேஜர் மேல் வரியோடு நின்றுவிட்டார், கீழே போகவில்லை.

காலையில் மிதுவைத் தூக்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன், பிரின்ட் எடுக்க. வந்தது பிரின்ட். ஆனால் ஓர் எழுத்து இல்லை. எல்லாம் கட்டம் கட்டமாக, ஒரு பக்கம் நிறையக் கட்டங்கள்.

"இங்க தமிழ் ஃபான்ட் கிடையாது மேடம். இங்கிலீஷ்ல எடுக்கறீங்களா?"

வேறு வழியில்லை. ஆட்டோ பிடித்தேன். அந்தக் கேட், அந்த நோட்டு, அந்தக் கட்டம்.

மேனேஜர் அறையில் இவரையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இவர் முகம் போன போக்கை எழுதினால், வீட்டில் எனக்குச் சோறு நானே போட்டுக்கொள்ள வேண்டிவரும். எப்படியும் நானேதான் போட்டுக்கொள்கிறேன்.

"உக்காருங்கம்மா. சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

'வரலாறு' பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். இன்னும் கீழே, இன்னும் கீழே... அந்தத் தேதி. அவர் பாராவை நிதானமாகப் படித்தார். டோக்கன் வரியில் லேசாகச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

"மூணு வாரத்துக்கு முன்னாடியே எழுதியிருக்குதுங்க. சரி... யாருங்க இந்த மத்திகிரிப் பசு?"

மிதுவை மடியில் நேராக உட்காரவைத்தேன்.

"நான்தான் சார்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"அழிச்சதும் மத்திகிரிப் பசுன்னுதான் போட்டிருக்குது?"

"அதுவும் நான்தான் சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அதாவது, சூப்பர்வைசர் வீட்டம்மாவே எழுதி, சூப்பர்வைசர் வீட்டம்மாவே அழிச்சு, இப்ப சூப்பர்வைசர் வீட்டம்மாவே வந்து சாட்சி சொல்றீங்க. அப்படித்தானுங்களே?"

அப்படித்தான். அவர் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. ராஜப்பாவைக் காப்பாற்ற வந்து, இவரையும் சேர்த்துக் குழியில் தள்ளிவிட்டேனா? "நிஜமாவே வழக்கம்தான் சார்" என்றேன். "சான்று மட்டும்தான் இல்ல சார்."

மிது மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பிடிக்க எட்டினாள். மேனேஜர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். தலை முதல் கால் வரை.

"பாப்பாவும் ரசிகையாட்டம் தெரியுதே?"

குழந்தையைப் பார்த்தால் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என் வழக்கம். ஆட்டினேன்.

அவர் வாய்விட்டே சிரித்துவிட்டார். நாற்காலியில் சாய்ந்தார். "வீட்ல கைக்குழந்தை வரைக்கும் கொண்டாடுதுங்க, நான் போய் ஸ்ட்ரைக்குன்னு ஹெட் ஆபீஸுக்கு மெயில் எழுதி வெச்சிருக்கறேன் பாருங்க." இவரைப் பார்த்து, "ஏனுங்க, நீங்களாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லோ?"

இவர், "சொல்லலாம்னுதான் சார் இருந்தேன்" என்றார். சான்று இல்லை.

வெள்ளிக்கிழமை ராஜப்பா வேலைக்குப் போனார். நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்ததாம். அந்த நாளில் ரசிகத் தொழிலாளர்கள் சீருடையைத் திருப்பி அணியும் வழக்கம் நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது, இனிமேல் டீ நேரத்தில் கேன்டீனுக்குள் மட்டும் அனுமதி, மெஷின் பக்கத்தில் கூடாது. கையெழுத்து, கம்பெனி சீல். லிஸ்டில் அவர் பெயர் அப்படியே இருக்கிறதாம். லட்சுமி ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதை அழிச்சுடாதீங்கோ" என்றாள்.

"இப்ப அச்சுல வந்துடுச்சு அக்கா, திரும்பப் போடுங்கோ" என்றார் ராஜப்பா. போட்டேன், சான்றோடு. பத்தே நிமிடத்தில் கருங்கல் வந்தார். 'வழக்கம் சரி. தொடங்கியது ஓசூரில் என்பதற்குச் சான்று?' அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தொடங்கிய ஊரை எடுத்துவிட்டேன். ராஜப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்றையும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்து மிதுவுக்குக் கவுன் மாற்றினேன். தையல் எல்லாம் வெளியே. லேபிள் கழுத்துக்குப் பின்னால் கொடி மாதிரி பறக்கிறது. பிரவுசிங் சென்டருக்கு ஓடிய அவசரத்தில், குழந்தைக்குக் கவுனைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். காலையிலிருந்து பஸ் ஸ்டாப், பிரவுசிங் சென்டர், ஆட்டோ, கம்பெனி கேட்... வழக்கமாக என்னைத் திருத்துகிற இத்தனை பேரில் ஒருவர்கூட, அன்றைக்கென்று பார்த்துத் திருத்தவில்லை.

மேனேஜர் நம்பியது என் பாராவை அல்ல.

திரும்பப் போய்ச் சொல்ல வேண்டாமா? பீன்ஸுக்கே விசாரித்தவள் நான். இரண்டு நாள் யோசித்தேன். ராஜப்பாவின் வழக்கம் உண்மை. கவுன் மட்டும்தான் தப்பு. உண்மையை நிரூபிக்க ஒரு தப்பு உதவினால், அந்தத் தப்பைத் திருத்துவதா, விடுவதா? முதல் முறையாக, ஒரு தப்பை அப்படியே விட்டுவிட்டேன். துவைத்து, நேராக்கி, மடித்து வைத்தாயிற்று.

ஹெச்.ஆர். மேனேஜர் இந்த மாதிரிப் பத்திரிகையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை என்கிறார் இவர். சான்று கேட்டிருக்கிறேன்.